மொறிஸ் மைனர் 948: என்ஜின் கட்டேக்க ஒயில் விசயம் (பம்ப், பேரிங், முதல் ஸ்ராட்)

நெல்லியடி948

மைனர் 1000, 948 சிசி என்ஜின். பிளாக் லேத்தால வந்திட்டுது, 30 தவ் (ஒரு தவ் எண்டா அங்குலத்தின்ர ஆயிரத்தில ஒரு பங்கு) ஓவர்சைஸ். கிராங் மெயினும் பிக் எண்டும் (கனெக்ரிங் ரொட் பிடிக்கிற இடம்) 20 தவ் அண்டர்சைஸுக்கு அரைச்சிருக்கு. பேரிங் செல், ரிங், காஸ்கட் செற் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தையில எடுத்தாச்சு. ஒயில் பம்ப் பழசுதான், இன்னும் கழட்டிப் பாக்கேல்லை.

கழட்ட முதல் இருந்த குறை இதுதான்: குளிரில ஒயில் லைற் உடன நூரும். அரை மணித்தியாலம் ஓடினாப் பிறகு ஐடில்ல மினுங்கும், கொஞ்சம் அக்சிலரேட்டர் குடுத்தா நிண்டிடும்.

கட்டேக்க பேரிங்குக்கு என்ன பூசுறது? கிறீஸ் எண்டும் சொல்லீனம், வெறும் ஒயில் எண்டும் சொல்லீனம். டிஸ்ரிபியூட்டர் துளையால ட்ரில்லை விட்டுப் பம்பைச் சுத்துற வீடியோக்கள் கனக்க இருக்கு, மைனருக்கு அது சரிவருமோ? கடைசியா, எந்த ஒயில்? இஞ்ச கடையில சும்மா கிடைக்கிறது 10-30, 15-40, 20-50.

---

பழைய_இரும்பு

தம்பி, அந்த வீடியோ எல்லாம் அமெரிக்கன் என்ஜினுக்கு. அதிலை டிஸ்ரிபியூட்டர் தண்டுதான் பம்பைச் சுத்தும். ஏ-சீரிஸிலை (மைனரின்ரை என்ஜின் வகை) பம்ப் கேம்சாப்ரின்ரை பின் நுனியிலை நேராக் கொழுவி நிக்குது. கேம் சுத்தினாத்தான் பம்ப் சுத்தும், கேம் சுத்த கிராங் சுத்தவேணும். ட்ரில்லாலை ஒண்டும் நடக்காது. பிறைம் பண்ணுற (ஸ்ராட்டுக்கு முதல் பம்பிலை ஒயில் நிரப்புற) வழி வேறை, கட்டி முடிக்கேக்கை சொல்லுறன்.

முதல் ஒயில் போற வழியை மனசிலை வச்சிருங்கோ, மிச்சக் கேள்வி பாதி தானாத் தீரும். சம்பிலை (அடியிலை இருக்கிற ஒயில் தொட்டி) கிடக்கிற சல்லடையாலை உறிஞ்சி பம்புக்கு வரும். அங்கை இருந்து ரிலீஃப் வால்வைத் தாண்டி பில்ரருக்குப் போய், பில்ரராலை மெயின் கலரிக்கு (பிளாக்குக்குள்ளை இருக்கிற நீள ஒயில் துளை) வரும். கலரியிலை இருந்து மூண்டு மெயின் பேரிங்குக்கும் துளை இருக்கு. மெயினுக்கு வந்தது கிராங்குக்குள்ளாலை பிக் எண்டுக்குப் போகும். மூண்டு மெயின் துளையிலை இருந்தும் கேம்சாப்ற் பேரிங்குக்கும் ஏறும்.

இதிலை ஆக்கள் மறக்கிறது முன் கேம் பேரிங். அதாலைதான் ரைமிங் செயினுக்கும் வால்வை அமத்துற ரொக்கரின்ரை சாப்ற்றுக்கும் ஒயில் போகுது. முன் பேரிங்கிலை இருந்து பிளாக்கிலை ஒரு துளை, ஹெட்டிலை ஒரு துளை, அதுக்கு மேலை ரொக்கரின்ரை முன் பெடஸ்ரல். 948 இலை அந்த முன் பேரிங்குக்கு மட்டும்தான் புஷ், நடுவும் பின்னும் பிளாக்கின்ரை இரும்பிலையே ஓடும். புதுப் புஷ் அடிக்கேக்கை அதின்ரை துளை பிளாக்கின்ரை துளைக்கு நேரை நிக்கவேணும். கால்வாசி விலகினாலும் ரொக்கர் காயும். மெயினுக்கு ஒயில் ஒழுங்காப் போறபடியாலை லைற் ஒண்டும் காட்டாது.

உங்கட குறைக்கு மருந்து பம்பிலை மட்டும் இருக்கெண்டு நினைக்காதேங்கோ. அளந்து போடுங்கோ, பிறகு கதைப்பம்.

---

ஏ40_சோமர்செற்

இவ்வளவு படம் தேவையில்லை. ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னாலை ரெண்டு வாசர் போடுங்கோ, எஸ்ஏஈ 50 ஒயில் ஊத்துங்கோ. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு மொத்த (தடிச்ச) ஒயில்தான் சரி. கயர் ஓடின ஒஸ்ரின் சோமர்செற், ஏ55 எல்லாம் அப்பிடித்தான் ஓடினது.

---

மைக்ரோமீற்றர்

ஸ்பிரிங்குக்கு வாசர் போட்டா ஐடில் பிறசர் ஒரு இறாத்தலும் (psi) கூடாது. ஐடில்ல வால்வு மூடித்தான் நிக்கும். அது திறக்கிறது 60 இறாத்தலுக்குக் கிட்ட. மூடி நிக்கிற கதவை இன்னும் இறுக்கி என்ன பிரயோசனம்? குளிர் ஸ்ராட்டில பிறசர் 80, 90 எண்டு ஏறும். பில்ரர் கிண்ணத்து வளையம் ஒழுகும், கேம் நுனியில பம்பைச் சுத்துற இடம் தேயும். லாபம் அவ்வளவுதான்.

சரியான வேலை: டோம் நட்டைக் கழட்டி வால்வையும் ஸ்பிரிங்கையும் வெளியில எடுக்கவேணும். ஸ்பிரிங்கின்ர சுயநீளம் 2.859 அங்குலம், 72.6 மில்லிமீற்றர். குறைஞ்சா மாத்து. வால்வு தன்ர துளைக்குள்ள விரலால தள்ள வழுக்கிப் போகவேணும். இருக்கையில வட்டமா ஒரே தடம் இருக்கவேணும். கோடு விழுந்திருந்தா அதுக்குள்ளால ஒயில் எந்நேரமும் சம்புக்குத் திரும்பிப் போகும். அப்பிடி ஒழுகிற வால்வுதான் ஐடில் பிறசரைக் குறைக்கும், ஸ்பிரிங் பலம் இல்லாதது இல்லை.

மொத்த ஒயில் பற்றி. பேரிங் பக்கத்தால ஒழுகிற ஒயில் இடைவெளியின்ர மூண்டாம் அடுக்கில கூடும். ஒண்டரைத் தவ் இடைவெளி மூண்டு தவ் ஆனா ஒழுக்கு ரெண்டு மடங்கு இல்லை, எட்டு மடங்கு. ஒயில் மொத்தத்தால நீங்கள் ஈடு கட்டக்கூடியது எவ்வளவு? 100 பாகையில எஸ்ஏஈ 40 இன்ர பாகுநிலை 12.5 இல தொடங்கும், எஸ்ஏஈ 50 இன்ர மேல் எல்லை 21.9. ஆகக் கூட எடுத்தாலும் ரெண்டு மடங்கு வராது. எட்டுக்கு ரெண்டை வைச்சு மறைக்கேலாது.

948 க்கு அளவுகள்:

மெயின் ஜேர்னல் புதுசில 1.7505 இலிருந்து 1.751 அங்குலம். 20 அண்டருக்கு 1.7305 இலிருந்து 1.731. ஓட்ட இடைவெளி அரைத் தவ்விலிருந்து 2 தவ்.
பிக் எண்ட் புதுசில 1.6254 இலிருந்து 1.6259. 20 அண்டருக்கு 1.6054 இலிருந்து 1.6059. இடைவெளி 1 தவ்விலிருந்து இரண்டரை.
கிராங் முன்பின் ஆட்டம் 2 இலிருந்து 3 தவ். நடு மெயினில இருக்கிற த்ரஸ்ற் வாசரால சரிப்படுத்துறது. வாசரின்ர ஒயில் காடி கிராங் பக்கம் பாக்கவேணும். மாறிப் போட்டா நூறு மைலுக்குள்ள தின்னும்.

பம்ப் (ரோட்டர் வகை): ரோட்டர் மேல்பக்க இடைவெளி 5 தவ்வுக்கு மேல போகக்கூடாது. உள் ரோட்டர் பல்லுக்கும் வெளி ரோட்டருக்கும் இடையில 6 தவ். வெளி ரோட்டருக்கும் உடலுக்கும் இடையில 10 தவ். ஃபீலர் கேஜும் நேர் விளிம்பும் போதும்.

இந்த அளவு எல்லாம் 948 ஏ-சீரிஸுக்கு. சோமர்செற்றின்ர 1200 வேற என்ஜின், அதுக்குப் போடாதேங்கோ.

---

ஏ40_சோமர்செற்

எட்டு மடங்குக் கணக்கை ஒத்துக்கொள்ளுறன். ஆனா கிராங் அரைக்கக் காசில்லாதவன் என்ன செய்யிறது எண்டும் சொல்லவேணும். தேஞ்ச என்ஜினை இன்னும் ரெண்டு வருசம் இழுக்க 50 உதவும். கட்டின என்ஜினுக்கு எண்டால் வேண்டாம், சரி.

---

பழைய_இரும்பு

அது நியாயம். இழுக்கிறதும் கட்டுறதும் ரெண்டு வேலை.

தொண்ணூறுகளிலை பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை ஓடின என்ஜின்கள் இன்னும் கனக்க இருக்கு. நெல்லியடியின்ரையும் அப்பிடியெண்டால் சில இடங்களைக் குறிச்சுப் பாக்கவேணும். ஒரு துளி பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறதுதான் முறை. மண்ணெண்ணெய் லேசிலை ஆவியாகாது. சூடு காணாத சிலிண்டர்ச் சுவரிலை திரவமாப் படிஞ்சு, அங்கை நிக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு ரிங்குக்குக் கீழாலை சம்புக்குப் போகும். டிப்ஸ்ரிக்கிலை மட்டம் குறையிறதுக்குப் பதிலா ஏறும். "இந்தக் கார் ஒயிலே குடிக்காது" எண்டு பெருமை பேசினதிலை பாதி உதுதான், குடிச்ச ஒயிலின்ரை இடத்தை மண்ணெண்ணெய் நிரப்பினது. தண்ணியான ஒயிலிலை பிக் எண்ட் செல் தேயும். ஒக்ரேன் குறைஞ்சு தட்டுற தட்டு மேல்பாதிச் செல்லிலை விழும். அதாலை பிக் எண்ட் ஜேர்னல் வட்டமா இராது, முட்டை வடிவமாப் போயிருக்கும். அரைச்சது நல்லது.

ஆனா அரைக்காத இடத்திலை மிச்சம் இருக்கும். ரொக்கர் சாப்ற் உள்ளுக்கு வெறும் குழாய். அதுக்குள்ளை கரிச்சேறு இறுகிக் கிடக்கும். ஒரு நுனியிலை திருகு அடைப்பு இருக்கு, அதைக் கழட்டிக் கம்பி விட்டு வடிவாத் துடையுங்கோ. சாப்ற்றின்ரை கீழ்ப்பக்கத்திலை நகம் தட்டுற பள்ளம் இருந்தா சாப்ற் மாத்தவேணும். பள்ளத்தாலை ஒழுகிறதும் ஒயில்தான். திருப்பிப் பூட்டேக்கை பெடஸ்ரலிலை இருக்கிற சின்னப் பூட்டு ஆணி சாப்ற்றின்ரை குழிக்குள்ளை இறங்கவேணும். இறங்காட்டிச் சாப்ற் சுழண்டு துளை விலகும்.

பிளாக்கின்ரை மெயின் கலரி நுனி அடைப்புகளைக் கழட்டாமல் கழுவினால் கழுவினதாக் கணக்கில்லை. பித்தளை அடைப்பைத் துளைச்சு எடுத்து, மரை வெட்டி, திருகு அடைப்புப் போட்டால் அடுத்த முறைக்கும் சுகம். கிராங்கின்ரை சாய்ஞ்ச துளை ஒவ்வொண்டுக்குள்ளையும் நீளத் தூரிகை விட்டு, காத்து அடிச்சு, வெளிச்சம் பிடிச்சுப் பாருங்கோ. அரைச்ச கல்லுத்தூள் அதுக்குள்ளைதான் ஒளிஞ்சிருக்கும். துளை வாயிலை கூர் விளிம்பு இருந்தால் செல்லைச் சீவும், லேசாய்ச் சாய்ச்சு எடுக்கவேணும்.

---

மைக்ரோமீற்றர்

போர் கழுவுறதில ஒண்டு. ஹோன் அடிச்ச போரை மண்ணெண்ணெயால கழுவினா ஒயில்தான் போகும், கல்லுத்தூள் கீறலுக்குள்ள நிக்கும். சுடுதண்ணி, உடுப்புத் தோய்க்கிற தூள், கெட்டியான தூரிகை. வெள்ளைத் துணியை ஒயிலில நனைச்சுத் துடைச்சா துணி வெள்ளையாவே வரவேணும். சாம்பல் நிறம் வந்தா திரும்பவும். நாலு, அஞ்சு தரம் போகும்.

எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. காயவிட்டா வெள்ளைப்படை, அரை மணித்தியாலத்தில துரு. கடைசி அலசலை மழைத்தண்ணியில செய்து, உடன காத்தடிச்சு, ஒயில் பூசவேணும். இதே சுண்ணாம்புதான் பிளாக்கின்ர தண்ணி அறைக்குள்ள, பின் சிலிண்டர் பக்கமா, கல்லாக் கட்டி நிக்கிறது. அதைச் சுரண்டி எடுக்காட்டி நாலாம் சிலிண்டர் கூடச் சூடாகி ஒயில் அங்க மெலியும். கோர் பிளக்கைக் கழட்டிச் சுரண்டுங்கோ.

---

நெல்லியடி948

அளந்தாச்சு. பிளாஸ்ரிகேஜ் (நசுங்கிற அகலத்தால இடைவெளி காட்டுற நூல்) வைச்சு, மெயின் 60 இறாத்தல்-அடி, பிக் எண்ட் 35 க்கு இறுக்கிப் பாத்தது.

மெயின்: முன் 1.5, நடு 1.5, பின் 2.
பிக் எண்ட்: 2, 2, 1.5, நாலாவது 3.
பம்ப்: மேல்பக்கம் 7 தவ், பல்லு 4, உடல் 8.
ரிலீஃப் வால்வு இருக்கையில ஒரு பக்கம் கோடு இருக்கு. ஸ்பிரிங் நீளம் சரி.

கலரி அடைப்பைக் கழட்டினா உள்ளுக்குக் கறுத்த களி, ஒரு தேக்கரண்டி வரும்.

---

மைக்ரோமீற்றர்

நாலாவது பிக் எண்ட் 3 எண்டது எல்லைக்கு வெளியில. உடன கிராங்கைக் குறை சொல்லாதேங்கோ. செல்லைக் கழட்டி முதுகுப்பக்கம் பாருங்கோ. தூசோ மயிரோ இருந்தா இடைவெளி குறைஞ்சுதான் காட்டும், கூடாது. கூடினதுக்கு ரெண்டு காரணம் வரலாம்: கனெக்ரிங் ரொட்டின்ர பெரிய கண் நீண்டிருக்கு, இல்லாட்டி வேற ரொட்டின்ர மூடி மாறிப் போயிருக்கு. மூடியிலயும் ரொட்டிலயும் இலக்கம் அடிச்சிருக்கும், ஒத்துப் பாருங்கோ. ஒத்திருந்தா செல் இல்லாமல் மூடியைப் பூட்டி இறுக்கி, கண்ணை மூண்டு திசையில அளக்கவேணும். முட்டையா இருந்தா ரொட்டை லேத்துக்குக் குடுத்துச் சரிப்பண்ணலாம். ரொட்டில இருக்கிற ஒயில் பீச்சுற சின்னத் துளை திறந்திருக்கோ எண்டும் பாருங்கோ. அதுதான் சிலிண்டர்ச் சுவருக்கு ஒயில் அடிக்கிறது.

பம்பின்ர 7 தவ் நல்ல சகுனம், சுகமாத் தீர்க்கலாம். மூடியைப் பொருத்துற குத்தூசிகளை எடுத்திட்டு, தடிச்ச கண்ணாடித் தட்டில 400 நம்பர் தாளை ஒயிலோட விரிச்சு, பம்ப் உடலின்ர முகத்தை எட்டு வடிவில உரசுங்கோ. ரெண்டு, மூண்டு தவ் இறக்கினாப் போதும். அடிக்கடி அளவெடுங்கோ, ஒண்டரைத் தவ்வுக்குக் கீழ போனா ரோட்டர் சூட்டில பிடிக்கும். மூடியின்ர உள்முகத்தில வட்டத்தடம் இருந்தா அதையும் உரசுங்கோ. சோம்பல் எண்டா புதுப் பம்ப் வாங்குங்கோ. ஆனா கேம் நுனியைப் பாத்து வாங்கவேணும்: ஊசி (pin) வகை, காடி வகை, நட்சத்திர வகை எண்டு மூண்டு இருக்கு. மினிக்கு எண்டு விக்கிறது எல்லாம் மைனருக்கு ஏறாது.

பம்ப் பிளைவீலுக்கும் பின்தகட்டுக்கும் பின்னால இருக்கு. இப்ப விட்டா, பிறகு கியர்பொக்ஸைக் கழட்டித்தான் பாக்கவேணும். மூடி நட்டின்ர பூட்டுத் தகடு புதுசு போடுங்கோ. பம்புக்கும் பிளாக்குக்கும் இடையில வாற கடதாசி காஸ்கட்டை ஒருக்கா பம்ப் முகத்தில வைச்சுப் பாருங்கோ, உறிஞ்சிற துளையும் தள்ளுற துளையும் ரெண்டும் முழுசாத் திறந்திருக்கவேணும். மாறி வைச்சா ஒண்டை அடைக்கும்.

ரிலீஃப் இருக்கைக்கு வால்வு உரைக்கிற மெல்லிய பேஸ்ற் கொஞ்சம், வால்வைக் கையால சுத்தி ஒரே வட்டம் வரும்வரை. பிறகு பேஸ்ற் ஒரு பொட்டும் மிஞ்சாமல் கழுவவேணும்.

---

ஸ்காபரோக்_குளிர்

பூச்சு பற்றிய கேள்விக்கு. பேரிங் செல்லுக்குச் சாதாரண வீல் பேரிங் கிறீஸ் வேண்டாம். கிறீஸில் உள்ள சவர்க்காரப் பொருள் குளிர்ந்த ஒயிலில் விரைவில் கரையாது. சிறு கட்டியாகப் பிரிந்து பில்ரர் தாளில் போய் ஒட்டும், அல்லது ரொக்கருக்குப் போகும் சிறு துளையில் நிற்கும். என்ஜின் கட்டுவதற்கென்று விற்கும் அசெம்பிளி லூப் ஒயிலில் முழுமையாகக் கரையும். அது கிடைக்காவிட்டால், ஒரு கிழமைக்குள் ஸ்ராட் பண்ணப் போகும் என்ஜினுக்கு நீங்கள் ஊற்றப்போகும் அதே 20-50 போதும். மாதக்கணக்கில் மேசையில் கிடக்கப் போகிறதென்றால் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் பூச்சு அவசியம், ஏனென்றால் ஒயில் வடிந்துவிடும்.

விதிவிலக்கு கேம் மூக்கும் ரப்பெற் (கேம் மூக்கு தள்ளும் உருளை, tappet) அடிமுகமும். அங்கே பிறசரில் ஒயில் வருவதில்லை. தெறிக்கிற ஒயிலும் ரொக்கரிலிருந்து தள்ளுகோல் துளைவழி வடிகிற ஒயிலும்தான். மொலிப்டினம் டைசல்பைட் கலந்த கேம் பேஸ்ற்றை அந்த இரண்டு முகத்திலும் தடவுங்கள். அதே பேஸ்ற் பிஸ்ரன் ரிங்கிலோ போரிலோ படக்கூடாது. ரிங் போரோடு உரசிப் பொருந்துவதற்குக் கொஞ்சம் உராய்வு வேண்டும், மொலி அதைத் தடுத்துவிடும். போருக்கு விரலால் துடைத்த மாதிரி மெல்லிய ஒயில் படலம் போதும்.

பழைய ரப்பெற்றைப் புதுக் கேமில் போடாதீர்கள். பழைய கேமிலேயே போடுவதென்றால் ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கே போகவேண்டும்.

ஒயில் தெரிவில் இணையத்தில் சிங்க் பற்றி ஒரு பெரிய பீதி ஓடுகிறது. பாதி உண்மை. தேய்மானம் தடுக்கும் சிங்க்-பொஸ்பரஸ் சேர்மானத்தை ஏபிஐ (ஒயில் தரம் வகுக்கும் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) குறைத்தது சரி. எஸ்எம் 2004 இல் வந்தது, எஸ்என் 2010 இல். பொஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு அவற்றில் இருக்கிறது. ஆனால் அந்த வரம்பு 5-30, 10-30 போன்ற மெல்லிய ரகங்களுக்கு மட்டும். 20-50 க்கும் 15-40 க்கும் அது பொருந்தாது. ஆகவே போத்தலில் எஸ்என் என்று கண்டதும் 20-50 ஐத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. உங்கள் கடையில் இருக்கும் மூன்றில் 10-30 ஐ மட்டும் விட்டுவிடுங்கள், மெல்லியது என்பதும் ஒரு காரணம், சிங்க் இன்னொரு காரணம்.

---

ஏ40_சோமர்செற்

மோட்டார்சைக்கிள் 20-50 எப்பிடி? எல்லாச் சந்தியிலயும் கிடைக்குது.

---

ஸ்காபரோக்_குளிர்

நல்ல தெரிவு. போத்தலில் ஜாசோ (ஜப்பானிய ஒயில் தரம்) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் பொஸ்பரஸ் 0.08 க்கும் 0.12 க்கும் இடையில் இருக்கவேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. ஈரக் கிளச்சுக்காக உராய்வு குறைக்கும் சேர்மானமும் போடமாட்டார்கள், புது ரிங்குக்கு அதுவும் நல்லது. ஒரு லீற்றர்ப் போத்தலாக வாங்குவதால் விலை கூடும், அவ்வளவுதான். ஜாசோ எம்பி என்று இருந்தால் வேண்டாம், அது ஸ்கூட்டருக்கு.

முழுச் செயற்கை ஒயில் முதல் 1500 கிலோமீற்றருக்கு வேண்டாம்.

---

பழைய_இரும்பு

சிங்க் விசயத்திலை ஒண்டு சேர்க்கிறன். 948 இன்ரை வால்வு ஸ்பிரிங் மெல்லியது, ஒற்றை ஸ்பிரிங். கேம் மூக்கிலை விழுற பாரம் பெரிய அமெரிக்கன் வி8 மாதிரி இல்லை. முதல் இருபது நிமிசத்தை ஒழுங்காச் செய்தால் பிறகு எந்த நல்ல 20-50 இலும் ஓடும். கேம் போறது அனேகமா முதல் நாள்தான்.

---

புதுக்கண்

இடையில ஒரு கேள்வி. சம்ப் காஸ்கட்டுக்கு சிலிக்கோன் நிறையப் பூசினா ஒழுகாதுதானே?

---

பழைய_இரும்பு

வெளியிலை பிதுங்கிற அளவுக்கு உள்ளுக்கும் பிதுங்கும். உள்ளுக்குப் பிதுங்கினது காய்ஞ்சு அறுந்து சல்லடையிலை போய் ஒட்டும், பம்ப் மூச்சுத் திணறும். பக்கக் காஸ்கட் ரெண்டும் சிலிக்கோன் இல்லாமல் கிறீஸ் தடவிப் போடலாம். முன் பின் மெயின் மூடிக்கு வாற கோர்க் துண்டை ஒயிலிலை ஊறவிட்டு, நுனி கொஞ்சம் மேலை துருத்தி நிக்கிற மாதிரிப் போடுங்கோ. காஸ்கட்டும் கோர்க்கும் சந்திக்கிற நாலு மூலையிலை மட்டும் பட்டாணி அளவு சிலிக்கோன். சம்ப் ஆணியை மிஞ்சி இறுக்கினா தகடு வளைஞ்சு அதுக்குப் பிறகு எந்தக் காஸ்கட்டும் பிடிக்காது. வளைஞ்சிருந்தால் முதல் சுத்தியலாலை தட்டி நேராக்குங்கோ.

உறிஞ்சிற குழாயின்ரை காஸ்கட்டிலை கஞ்சத்தனம் வேண்டாம். அது பிறசருக்கு வெளியாலை ஒழுகிற இடம் இல்லை, காத்தை உள்ளுக்கு இழுக்கிற இடம். காத்து இழுத்தால் ஒயில் நுரைச்சு வரும், வளைவிலை லைற் மினுங்கும், வெளியிலை ஒரு சொட்டும் தெரியாது.

---

நெல்லியடி948

நாலாவது ரொட் மூடி மாறித்தான் கிடந்தது, ரெண்டாவதின்ரது. மாத்தினாப் பிறகு ரெண்டும் 2 தவ். பம்ப் உரசி 4 க்கு வந்திட்டுது. நாளைக்குக் கட்டத் தொடங்கிறன். பிறைம் பண்ணுறதைச் சொல்லுங்கோ.

---

பழைய_இரும்பு

மூடி மாறினது அனேகமா போன தடவை கட்டேக்கை நடந்திருக்கும்.

பம்பைப் பூட்ட முதல் உள்ளை வசலீன் அடையுங்கோ. கிறீஸ் இல்லை, வசலீன். சூட்டிலை உருகி ஒயிலோடை போயிடும். காஞ்ச பம்ப் முதல் சுத்திலை உறிஞ்சாது, இடைவெளி அடைபட்டிருந்தால்தான் உறிஞ்சும்.

கட்டி முடிச்சு, ஸ்பார்க் பிளக் போடாமல், மேசையிலை வச்சே இதைச் செய்யுங்கோ. சம்புக்கு ஒயில் ஊத்துங்கோ. பில்ரரோடை மொத்தம் ஆறரைப் பைந்து, 3.7 லீற்றர். ஆனா முதல் 3 லீற்றர் மட்டும் ஊத்துங்கோ, மிச்சம் பிறைம் பண்ணுறதாலையும் உள்ளுக்குத்தான் போகும். பிறகு டிப்ஸ்ரிக் பாத்துச் சரிக்கட்டலாம். பில்ரர் கிண்ணத்தையும் நிரப்பிப் பூட்டுங்கோ. கிண்ணத்து வளையத்தைப் போட முதல் காடிக்குள்ளை பழைய வளையம் ஒட்டிக்கொண்டு நிக்குதோ எண்டு ஊசியாலை குத்திப் பாக்கவேணும். பழசுக்கு மேலை புதுசு போட்டு, ஸ்ராட் பண்ணின உடனை மூண்டு லீற்றரும் நிலத்திலை நிக்கிறது வழக்கமான காட்சி.

ஒயில் லைற் சுவிச்சைக் கழட்டுங்கோ. அந்தத் துளையாலை ஒயில் கானாலை ஊத்திக்கொண்டு ஒராள் கிராங்கின்ரை முன் கப்பியை (pulley) ஸ்பானராலை பின்பக்கமாய்ச் சுத்தவேணும், மெதுவா. பின்பக்கம் சுத்தேக்கை பம்பும் பின்பக்கம் சுத்தும், கலரியிலை இருக்கிற ஒயிலை உறிஞ்சித் தன்னை நிரப்பும். கையாலை ஸ்ராட் பண்ணுற கம்பி முன்பக்கத்துக்குத்தான் பிடிக்கும், இதுக்கு உதவாது. அஞ்சாறு சுத்து. பிறகு சுவிச்சுக்குப் பதிலா அந்தத் துளையிலை ஒரு பிறசர் கேஜ் பூட்டுங்கோ. லைற் எண்டது "இல்லை" எண்டு மட்டும் சொல்லும், "எவ்வளவு" எண்டு சொல்லாது.

ரொக்கர் மூடி கழண்டபடி ரொக்கரிலையும் தள்ளுகோல் துளைகளிலையும் ஒயிலை ஊத்துங்கோ. காருக்குள்ளை ஏத்தினாப் பிறகு, பிளக் இல்லாமல், பத்துச் செக்கன் ஸ்ராட்டர், அரை நிமிசம் ஆறல். கேஜ் முள்ளு எழும்பும் வரைக்கும். நாலு தரத்துக்குள்ளை எழும்பாட்டி நிப்பாட்டித் திரும்பப் பிறைம் பண்ணுங்கோ, ஸ்ராட்டரை எரிக்காதேங்கோ. ரொக்கருக்கு ஒயில் விட்டு விட்டுத்தான் வரும், முன் ரொக்கரிலை முதல் தெரியும்.

ரப்பெற் இடைவெளி 12 தவ், குளிரிலை.

---

மைக்ரோமீற்றர்

முதல் ஸ்ராட்டுக்கு முன்னம் பெற்றோல், தண்ணி, பற்றறி, இக்னிசன் ரைமிங் எல்லாம் சரியா இருக்கவேணும். பத்து நிமிசம் ஸ்ராட்டரை அரைச்சு அரைச்சு கார்பரேட்டர் பாக்கிற நேரம் இல்லை அது. அந்த அரைப்பில கேம் பேஸ்ற் எல்லாம் துடைபட்டுப் போகும்.

பிடிச்ச உடன 1500 க்கும் 2000 க்கும் இடையில, ஏத்தி இறக்கி, இருபது நிமிசம். ஐடில்ல விடக்கூடாது. ஐடில்ல கேமுக்குத் தெறிக்கிற ஒயில் காணாது. ரேடியேட்டருக்கு முன்னால ஒரு காத்தாடி வையுங்கோ. கேஜ் 40 க்குக் கீழ விழுந்தா நிப்பாட்டுங்கோ.

பிறகு ஆறவிட்டு ஹெட் நட் 40 இறாத்தல்-அடிக்குத் திரும்ப இறுக்கி, ரொக்கர் பெடஸ்ரல் 25, ரப்பெற் திரும்பப் பார்த்து, ஒயிலை வடியுங்கோ. வடிச்ச ஒயில் பளபளப்பான சாம்பல் நிறத்தில இருக்கும், பயப்படத் தேவையில்லை, மொலியும் ரிங் தேய்ச்ச தூளும். பில்ரர் தாளை விரிச்சு வெயிலில பாருங்கோ. செப்பு நிறச் செதில் அல்லது வெள்ளீயத் தகடு கண்டா அது பேரிங். காந்தத்தில ஒட்டுற நீளத் தும்பு கண்டா கேம். ரெண்டும் இல்லாட்டிப் புது ஒயில் ஊத்தி றோட்டில ஏறுங்கோ. ரிங் பொருந்திறதுக்குப் பாரம் வேணும். கொடிகாமம் பக்கம் ஏ9 இல மூண்டாம், நாலாம் கியரில 50 கிலோமீற்றர் வேகம் வரை அமத்தி, விட்டு, திரும்ப அமத்தி ஓடுங்கோ. ரவுணுக்குள்ள ஐடில்ல நிண்டு நிண்டு ஓடின என்ஜினுக்குப் போர் கண்ணாடியாகி, பிறகு எந்நாளும் ஒயில் குடிக்கும். 500 கிலோமீற்றரில ஒருக்கா, அதுக்குப் பிறகு 4000 இல மாத்தினாப் போதும்.

---

நெல்லியடி948

ஓடியாச்சு. ரெண்டாம் ஸ்ராட்டர் தரத்திலயே முள்ளு எழும்பினது. குளிரில 60, சூட்டில 2000 இல 50, ஐடில் 22. ரொக்கர் எல்லாம் நனைஞ்சிருக்கு. 500 கிலோமீற்றர் ஒயில் மாத்தினன், தாளில செதில் இல்லை.

பெல் ஹவுசிங் (கிளச்சை மூடி நிக்கிற கூடு) கீழ்த் துளையால மட்டும் ஒரு இரவுக்கு ஒரு காசு அளவு ஒயில். நெடுந்தூரம் ஓடினா கூட.

---

பழைய_இரும்பு

22 நல்ல ஐடில். அதை விடுங்கோ.

பின்பக்கம் சொட்டுறதுக்கு: இந்த என்ஜினிலை பின் மெயினுக்கு ரப்பர் சீல் இல்லை. கிராங்கிலை வெட்டின திருகுக் காடிதான் ஒயிலைத் திருப்பி உள்ளுக்குத் தள்ளுது. உள்ளுக்குக் காத்து அமுக்கம் கூடினால் அது தோற்கும். நெடுந்தூரத்திலை கூடுதெண்டால் அமுக்கம்தான் சந்தேகம். ரப்பெற் பக்க மூடியிலை இருந்து கீழ இறங்கிற மூச்சுக்குழாயைக் கழட்டி ஊதிப் பாருங்கோ. உள்ளுக்கு இருக்கிற கம்பி வலையிலை பழைய கரி அடைஞ்சிருக்கும், மண்ணெண்ணெயிலை ஊறவிட்டுக் கழுவினாப் போகும். ஒயில் நிரப்புற மூடியின்ரை மூச்சுத் துளையையும் பாருங்கோ. மட்டத்தை டிப்ஸ்ரிக்கின்ரை மேல் கோட்டுக்கு அரை அங்குலம் கீழ வச்சுப் பாருங்கோ.

அதுக்கும் ஒரு காசு அளவு சொட்டுதெண்டால் விடுங்கோ, அதுக்காக கியர்பொக்ஸ் கழட்டாதேங்கோ.

வடிச்ச ஒயிலை வேலியோரம் ஊத்தாதேங்கோ. எங்கட நிலம் ஓட்டைச் சுண்ணாம்புக்கல், ஊத்தினது கிணத்துக்குத்தான் வரும். சுன்னாகத்துக் கிணறுகளிலை ஒயில் மிதந்த கதை எல்லாருக்கும் தெரியும். கலனிலை அடைச்சு வச்சால் பழைய ஒயில் எடுக்கிற ஆக்கள் வந்து காசு குடுத்து எடுப்பினம்.

---

நெல்லியடி948

மூச்சுக்குழாய் வலை முழுக்க அடைப்பு. கழுவிப் போட்டு கிளிநொச்சி போய் வந்தது. இப்ப ரெண்டு சொட்டு.